குதிரைவண்டிச் சத்திரத்தில் பிறந்த தலைவன்

1841-ல் லண்டனிலிருந்து பிரிஸ்டல் வரை ரயில் ஓடத் தொடங்கியதும், மார்ல்பரோ என்ற சிற்றூரின் பிழைப்பில் மண் விழுந்தது. அதுவரை லண்டனுக்கும் பாத் நகரத்துக்கும் இடையே ஓடிய குதிரைவண்டிகள் அந்த ஊரில் நின்று குதிரை மாற்றிக்கொண்டுதான் கிளம்பும். வசதியான பயணிகள் இரவு தங்குவதற்கென்றே அங்கே ஒரு பெரிய சத்திரம் இருந்தது. பெயர் காசில் இன். ஒரு காலத்தில் சீமோர் என்ற பிரபுக் குடும்பத்தின் மாளிகையாக இருந்த கட்டடம் அது. ரயில் பாதையோ மார்ல்பரோவைத் தொடாமல் வேறு பக்கமாகப் போய்விட்டது. வண்டிகள் நின்றன, லாயங்கள் காலியாகின, 1843-ல் சத்திரத்தை இழுத்து மூடினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தக் காலி மாளிகைக்குள் ஏறக்குறைய இருநூறு பேர் பெட்டி படுக்கையோடு குடியேறினார்கள். அத்தனை பேரும் சிறுவர்கள்.

பாதிரிமார்களின் பிள்ளைகளைக் குறைந்த செலவில் படிக்கவைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் தொடங்கிய பள்ளி அது. கிராமத்துப் பாதிரிகளால் ஈட்டன், ஹாரோ போன்ற பள்ளிகளுக்குப் பணம் கட்ட முடியாது. மார்ல்பரோ கல்லூரி வாங்கியது ஆண்டுக்கு முப்பது கினி. சேர்க்கை குவிந்தது, ஐந்தாண்டுக்குள் மாணவர் எண்ணிக்கை ஐந்நூறை நெருங்கியது. ஆனால் முப்பது கினியில் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. அரைவயிற்றுச் சாப்பாடு, குளிரில் நடுங்கும் கூடங்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்கள். அந்தச் சிலரும் ஐந்நூறு பையன்களை அடக்குவதற்குப் பிரம்பு ஒன்றைத்தான் நம்பினார்கள். வகுப்பு நடக்கும்வரை பிரம்பு வேலை செய்தது. வகுப்பு முடிந்த பிறகு?

வாரத்தில் சில நாட்கள் மதியத்துக்கு மேல் விடுமுறை. அந்த நேரத்தில் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்க ஆள் கிடையாது. ஒழுங்கான ஆட்டம் என்று எதுவும் இல்லை. சுற்றிலும் வயல், ஆறு, சேவர்நேக் என்ற பழங்காடு. பையன்கள் ஒரு ஆயுதத்தைத் தாங்களே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஒன்றரை அடி நீளத்தில் வளையும் பிரம்புக் குச்சி. அதன் முனையில் பேரிக்காய் வடிவத்தில் உருக்கி ஊற்றிய ஈயக் கட்டி. வீசினால் மரத்தின் உச்சியில் இருக்கும் அணில் கீழே விழும், சில சமயம் முயலும் மானும்கூடச் சிக்கும். மழை நாட்களில் தவளைகளை அடித்துக் குவிப்பது இன்னொரு பொழுதுபோக்கு. பின்னாளில் கவிஞராகவும் கலைஞராகவும் உலகப் புகழ்பெற்ற வில்லியம் மாரிஸ் 1848-ல் அங்கே சேர்ந்தவர். பள்ளியில் ஏறத்தாழ எதுவும் கற்பிக்கப்படவில்லை, அதனால் ஏறத்தாழ எதுவும் கற்கவில்லை என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். காட்டிலும் ஏவ்பரியின் பழங்காலக் கற்களிடையிலும் தனியாக அலைந்துதான் அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். மற்றவர்களுக்கு அப்படிப்பட்ட மனம் வாய்க்கவில்லை. அவர்களுக்குள் வேறொன்று புகைந்துகொண்டிருந்தது.

1851-ன் இலையுதிர் காலத்தில் அது வெடித்தது. முதல் இலக்கு, வெளியே போய்வருகிறவர்களைப் பற்றியெல்லாம் கோள்மூட்டும் வாயிற்காப்பாளர். அவருடைய குடிலின் கண்ணாடிகளைக் கல்லெறிந்து உடைத்தார்கள். தலைமையாசிரியர் மேத்யூ வில்கின்சன் தண்டனையை இறுக்கினார். நவம்பர் 5, இங்கிலாந்து முழுக்க வெடி கொளுத்தும் இரவு. பையன்கள் ரகசியமாகப் பட்டாசு சேர்த்துவைத்து, குறித்த நேரத்தில் பள்ளி முழுக்கக் கொளுத்தினார்கள். அன்றோடு ஓயவில்லை, நாட்கணக்கில் நீடித்தது. ஜன்னல்கள் நொறுங்கின, மேசைகள் உடைந்தன, ஆசிரியர்கள் நடைபாதையில் நடக்கவே அஞ்சினார்கள். இங்கிலாந்துப் பள்ளிகளுக்குக் கலகம் புதிதில்லை. 1797-ல் ரக்பி பள்ளியில் மாணவர்கள் தலைமையாசிரியரின் கதவையே வெடிமருந்து வைத்துத் தகர்த்தபோது, படைவீரர்களை அழைத்து அடக்கினார்கள். ஆனால் ரக்பி பழம்பெரும் பள்ளி, தாக்குப்பிடித்தது. எட்டே வயதான மார்ல்பரோவுக்கு அந்த வலு இல்லை. சிலர் வெளியேற்றப்பட்டார்கள், மாரிஸ் உட்படப் பலர் அந்தக் கிறிஸ்துமஸோடு போனவர்கள்தான், திரும்பவில்லை. வில்கின்சனும் விலகினார். கடன் கழுத்தை நெரித்தது. பள்ளியையும் சத்திரத்தைப் போலவே இழுத்து மூடவேண்டியதுதான் என்ற நிலையில், அந்த முள்கிரீடத்தைத் தலையில் வாங்கிக்கொள்ள ஒருவர் வந்தார்.

ஜார்ஜ் எட்வர்ட் லிஞ்ச் காட்டன். 1813 அக்டோபரில் அவர் பிறந்து இரண்டு வாரம்கூட நிறையாதபோது, ராணுவ கேப்டனாக இருந்த அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான நிவெல் போரில் செத்துப்போனார். அப்பன் முகம் பார்க்காத பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்து, 1837-ல் ரக்பியில் ஆசிரியரானார். அங்கே தலைமையாசிரியராக இருந்தவர் தாமஸ் அர்னால்ட். உயர்வகுப்பான ஆறாம் படிவத்து மாணவர்களைப் பெரிய மனிதர்களாக நடத்தி, பள்ளியின் ஒழுங்கை அவர்கள் பொறுப்பில் விட்டவர். விளையாட்டில் அர்னால்டுக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. அதுவே பையன்களுக்கு வசதியாகப் போயிற்று. மைதானம் முழுக்க முழுக்க அவர்கள் ராஜ்ஜியம்.

அந்த ராஜ்ஜியம் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ரக்பியில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாமா கூடாதா என்பது பல வருடத் தகராறு. வில்லியம் வெப் எல்லிஸ் என்ற பையன் 1823-ல் திடீரென்று பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்ற கதைதான் உலகமெங்கும் பரவியிருக்கிறது. ஆனால் அது அவன் செத்த பிறகு எழுந்த கதை. நடந்தது அதைவிடச் சுவையானது. தகராறு முற்றியபோது, மாணவர் சபை கூடி மூன்று பேரிடம் விதிகளை எழுதித்தரச் சொன்னது. மூவரும் பதினேழு வயதை ஒட்டியவர்கள். ஒருவன், மறைந்த அர்னால்டின் மகன் வில்லியம் டெலஃபீல்ட் அர்னால்ட். சில நாட்களில் 37 விதிகள் தயார். 1845 ஆகஸ்ட் 28 அன்று மாணவர் சபையே அதை ஏற்றுச் சட்டமாக்கியது. எந்த ஆசிரியரும் அதை எழுதவில்லை, திருத்தவில்லை. ரக்பி கால்பந்தின் முதல் எழுத்துவடிவச் சட்டம் அதுதான். பையன்களால் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொள்ளவும் அதற்குக் கட்டுப்படவும் முடிகிறது என்பதை, அதே பள்ளியில் இருந்த காட்டன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருடம் கழித்து அது அவருக்குக் கைகொடுக்கும் என்று அப்போது தெரியாது.

1852-ல் மார்ல்பரோ நிர்வாகக் குழு அவரை அழைத்தபோது ஒரு நிபந்தனை போட்டது. இனிமேல் பையன்கள் ஆசிரியர் துணையில்லாமல் வெளியே காலடி வைக்கக்கூடாது. ஒரு கலகத்தைக் கண்டு மிரண்டவர்கள் வேறென்ன சொல்வார்கள்? காட்டன் மறுத்துவிட்டார். அந்த நிபந்தனையில் பதவியை ஏற்க முடியாது என்றார். பிறகு மாணவர்களைக் கூட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். இந்தப் பள்ளியைப் பிரிஃபெக்டுகள் என்னும் மாணவத் தலைவர்களே ஆள்வார்கள். அவர்களுக்குக் கட்டுப்படுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சுதந்திரம் பறிபோகும். இது நடக்காது என்று எனக்குத் தெரியவரும் நாளில் நான் ராஜினாமா செய்துவிடுவேன். சில மாதங்களுக்கு முன்னால் பள்ளியை அடித்து நொறுக்கிய கூட்டத்திடமே சாவியைக் கொடுத்ததற்குச் சமம் இது. உலகப் பள்ளிகளின் வரலாற்றில் இவ்வளவு துணிச்சலான பந்தயத்தைக் கட்டியவர்கள் மிகச் சிலர்தான். பந்தயம் முதல் வருடத்திலேயே தோற்றுவிடும்போலத்தான் இருந்தது.

ஏனென்றால் பதவி கொடுத்தாயிற்று. ஆள்வதற்குத்தான் எதுவும் இல்லை. மதியம் மணி அடித்ததும் பையன்கள் ஈயக்குச்சியை எடுத்துக்கொண்டு நாலா திசையிலும் சிதறிவிடுகிறார்கள். காட்டுக்குள் போனவனை எந்தப் பிரிஃபெக்ட் போய் ஆள்வது? பண்ணைக்காரர்களின் புகார் ஒரு பக்கம், காட்டுக் காவலர்களோடு சண்டை இன்னொரு பக்கம். ஆசிரியர்களை நிறையச் சேர்த்துக் காவல் போடப் பணமில்லை. வேலி போடமாட்டேன் என்று அவரே சொல்லியாயிற்று. வேலி இல்லாமல் ஐந்நூறு பேரை ஓரிடத்தில் நிறுத்த என்ன வழி?

1853-ல் பெற்றோர்களுக்கு அவர் அனுப்பிய சுற்றறிக்கையில் விடை இருந்தது. விடுமுறை மதியங்களில் பையன்கள் பள்ளி எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்கு கிரிக்கெட்டும் கால்பந்தும் பள்ளியின் ஒழுங்கான அங்கமாக வேண்டும். விளையாட்டு என்பது பையன்கள் எப்படியோ செய்துகொள்ளும் ஒன்று என்றுதான் அதுவரை பெரியவர்கள் நினைத்திருந்தார்கள். அதைப் பள்ளியே முன்வந்து ஏற்பாடு செய்யும், அதற்குப் பெற்றோர் ஆதரவு வேண்டும் என்று ஒரு தலைமையாசிரியர் கேட்பது புதிது. உடற்பயிற்சியின் மகிமைக்காகவோ கோப்பைக்காகவோ எழுதப்பட்ட கடிதம் இல்லை அது. காட்டுக்குப் போகிற கால்களை மைதானத்துக்குத் திருப்பினால் போதும் என்ற நெருக்கடியில் எழுதியது.

காட்டன் செய்த இன்னொரு காரியம், பல்கலைக்கழகத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளைஞர்களைக் குறைந்த சம்பளத்தில் ஆசிரியர்களாகச் சேர்த்தது. காலையில் லத்தீன் நடத்தியவர் மதியம் பையன்களோடு சேற்றில் புரண்டார். ஆனால் அணிக்குத் தலைவர் அவர் இல்லை. யார் ஆடுவது, யார் எந்த இடத்தில் நிற்பது, தகராறு வந்தால் யார் சொல்வது தீர்ப்பு — எல்லாம் மாணவத் தலைவனின் கையில். ஆசிரியர்கள் அடக்க முடியாமல் திணறிய முரடனுக்கு, தன்னைவிட இரண்டு வயது மூத்த, தன்னைவிட நன்றாகப் பந்து வீசுகிறவனின் வார்த்தை உறைத்தது. மதியங்களில் காட்டுப்பக்கம் ஆள் குறைந்தது. 1855-ல் மார்ல்பரோ பையன்கள், காட்டனின் பழைய பள்ளியான ரக்பியோடு, லார்ட்ஸ் மைதானத்திலேயே கிரிக்கெட் ஆட இறங்கினார்கள். நாலு வருடத்துக்கு முன் ஜன்னல் உடைத்த பள்ளி.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமாகாது. அந்தத் தலைவர்களை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, மேலிருந்து நியமிக்கப்பட்டவர்கள். அவர்கள் கையிலும் பிரம்பு இருந்தது, அதைத் தாராளமாகவும் பயன்படுத்தினார்கள். சின்னப் பையன்களைப் பெரிய பையன்கள் ஏவலுக்கு வைத்துக்கொள்வது அந்தக் காலப் பள்ளிகளில் சகஜம். ஆசிரியரின் அடி குறைந்து அண்ணன்களின் அடி கூடியது என்று அனுபவித்த சின்னப் பையன்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அந்த வலியையும் சேர்த்துத்தான் இந்தக் கண்டுபிடிப்பு வளர்ந்தது. அது இங்கிலாந்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையைத் தமிழில் சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது.

1857-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ரக்பியின் முன்னாள் மாணவர் தாமஸ் ஹியூஸ், டாம் பிரவுனின் பள்ளி நாட்கள் என்ற நாவலை வெளியிட்டார். அதில் கடைசி கிரிக்கெட் ஆட்டத்தின்போது, அணித் தலைவன் டாமின் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தின் அருமையைப் பேசும் இளம் ஆசிரியர் காட்டனை வைத்து வரையப்பட்டவர். நாவல் அமோகமாக விற்றது. மாணவன் தலைமையில் ஆடும் பள்ளி அணி என்ற எண்ணம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அதே வருடம் இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். முதலாவது காட்டனுக்குப் புகழ் தந்தது. இரண்டாவது அவரைக் கப்பல் ஏற்றியது.

கல்கத்தாவின் பிஷப் பதவி காலியாக இருந்தது. 1858 மே மாதம் காட்டன் அந்தப் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். நவம்பரில் கல்கத்தாவில் இறங்கினார். கலகம் செய்த பள்ளியிலிருந்து, கலகம் செய்து ரத்தத்தில் அடக்கப்பட்ட தேசத்துக்கு. இங்கே அவர் கண்ணில் பட்டது, பள்ளி இல்லாமல் வளரும் வெள்ளைக்கார, ஆங்கிலோ-இந்தியக் குழந்தைகள். 1859-ல் அமைதி திரும்பியதற்காக நடந்த நன்றி வழிபாட்டின் காணிக்கையை, மலைப்பிரதேசத்தில் ஒரு பள்ளி தொடங்க ஒதுக்கும்படி கேட்டார். 1863-ல் சிம்லாவுக்கு அருகே அந்தப் பள்ளி திறந்தது. மார்ல்பரோவில் செய்ததை எல்லாம் அங்கேயும் செய்தார்கள்: மாணவத் தலைவர்கள், ஒழுங்கான ஆட்டங்கள், பள்ளியைப் பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவன். 1866 செப்டம்பர் இறுதியில் புதிய கட்டடத்துக்கு வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் அடிக்கல் நாட்டினார். கட்டடம் எழும்புவதைப் பார்க்க காட்டனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அக்டோபர் 6. அஸ்ஸாம் சுற்றுப்பயணம் முடிந்து திரும்பும் வழியில், இன்று வங்கதேசத்தில் இருக்கும் குஷ்டியாவில் ஒரு கல்லறைத் தோட்டத்தைப் புனிதப்படுத்திவிட்டு, கோராய் ஆற்றில் நின்ற நீராவிப் படகுக்கு இருட்டில் நடந்தார். கரைக்கும் படகுக்கும் நடுவே போட்டிருந்த பலகையில் கால் வழுக்கியது. ஆற்றின் வேகம் அவரை அப்படியே இழுத்துக்கொண்டு போயிற்று. உடல் கிடைக்கவே இல்லை. ஐம்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை.

அவர் போன பிறகும் பெயர் நின்றது. சாவதற்கு முந்தைய ஆண்டு, 1865-ல், பெங்களூரில் சாமுவேல் பெட்டிக்ரூ என்ற பாதிரியார் தொடங்கிய பள்ளி பிஷப் காட்டன் பெயரைத் தாங்கியது. 1870-களில் அந்தப் பள்ளிக்குத் தலைமையேற்க ஊட்டியிலிருந்து ஒருவர் வந்தார். சாயர்புரத்திலும் ஊட்டியிலும் பள்ளி நடத்திய அனுபவம், கண்டிப்புக்குப் பெயர்போனவர், தமிழில் கரைகண்டவர். 1886-ல் திருக்குறளையும் 1900-ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே ஜி.யு. போப்தான். காட்டனின் பெயர் தாங்கிய பள்ளி தமிழறிஞர் ஒருவரின் கையில் பல ஆண்டுகள் இருந்தது. இன்றும் அங்கே மாணவர்களைப் பிரித்திருக்கும் பிரிவுகளில் ஒன்றுக்குப் போப் ஹவுஸ் என்றுதான் பெயர்.

ஆம், ஹவுஸ். ஸ்போர்ட்ஸ் டே அன்று ரெட் ஹவுஸ், புளூ ஹவுஸ், கிரீன் ஹவுஸ், எல்லோ ஹவுஸ் என்று நாலு வண்ணத்தில் மார்ச் பாஸ்ட் போகும்போது, முன்னால் கொடி பிடித்து வலப்பக்கம் தலைதிருப்பி சல்யூட் அடிக்கும் அந்த ஹவுஸ் கேப்டன் வந்த வழி இதுதான். ஈட்டனிலும் ரக்பியிலும் ஹவுஸ் என்றால் மாணவர்கள் உண்டு உறங்கும் தனித்தனி விடுதி வீடு. அத்தனை வீடு கட்ட மார்ல்பரோவில் பணமில்லை. ஒரே கட்டடத்துக்குள் பிரித்து பி1, சி3 என்று எண் போட்டுக்கொண்டார்கள். பழைய சத்திரக் கட்டடம் சி ஹவுஸ் ஆனது. கட்டடம் இல்லாமலேயே ஹவுஸ் இருக்கலாம் என்று ஆனபிறகு, மாலையில் பையன்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடும் சாதாரணப் பள்ளிகளும் அதை எடுத்துக்கொள்ளத் தடை இல்லை. நாலு நிறம், நாலு கேப்டன், ஒரு புள்ளிப்பட்டியல் போதும்.

வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கென்று மலையேறிய ஏற்பாடு, மிஷன் பள்ளிகள் வழியாகவும் கான்வென்டுகள் வழியாகவும் கீழே இறங்கி, மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகியபோது அவற்றோடு சேர்ந்து தமிழ்நாட்டின் ஊர்தோறும் பரவியது. எஸ்.பி.எல்., ஏ.எஸ்.பி.எல்., ஹவுஸ் கேப்டன், வைஸ் கேப்டன், ஸ்போர்ட்ஸ் செகரட்டரி என்று ஜூன், ஜூலையில் பதவியேற்பு விழா நடத்தி, தோளில் பட்டை மாட்டி, சட்டையில் பேட்ஜ் குத்துகிறார்கள். காட்டன் செய்யாத ஒன்றைப் பல பள்ளிகள் செய்கின்றன: ஓட்டுப்பெட்டி வைத்துத் தேர்தல். அது பெரிய முன்னேற்றம். ஆனால் காட்டன் செய்ததைப் பல பள்ளிகள் செய்வதில்லை. நூறு மீட்டருக்கு யார், ரிலேயில் கடைசி ஓட்டம் யாருக்கு, கயிறு இழுக்க யார் யார் என்ற பட்டியலைப் பி.டி. சார் எழுதிக் கொடுத்துவிடுகிறார். கேப்டன் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். முதல் ரேங்க் எடுத்ததற்காக கேப்டன் ஆக்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. பேட்ஜ் வந்து சேர்ந்தது, அதிகாரம் வழியிலேயே இறங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. அங்கே ஹவுஸுக்குப் பெயர் இல்லம். தை, மாசியில் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்துவிட்டால், ஊரே இரண்டு மூன்று நிறமாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு இல்லமும் மைதான ஓரத்தில் தடியும் கிடுகும் கடதாசியும் கொண்டு தனக்கொரு வீட்டை எழுப்பி அலங்கரிக்கும். அந்த அலங்காரத்துக்கும் அணிநடைக்கும் தனித்தனியாகப் புள்ளிகள் உண்டு. யாரை எந்த ஓட்டத்தில் இறக்குவது, அலங்காரத்துக்கு யாரிடம் காசு சேர்ப்பது, வர மறுக்கும் வேகக்காரனை அவன் வீட்டுப் படலை வரை போய் எப்படி அழைத்துவருவது என்று இல்லத் தலைவர்கள் வாரக்கணக்கில் ஓடித்திரிவார்கள். பழைய மாணவர்கள் தங்கள் இல்லத்தின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்து கயிற்றுக்கு வெளியே நின்று கத்துவார்கள். கயிற்றுக்கு உள்ளே, கையில் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு அடுத்த ஓட்டத்துக்கு ஆளைக் கூப்பிடுகிறவனுக்கு வயது பதினேழு, பதினெட்டு.